குழந்தைகளைக் காக்க ஓர் அமைப்பு தொடங்குவது எப்படி? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி: ஜனவரி 11

எங்கள் பகுதியில் ஒரு சிறுமியைக் கடத்த முயன்றார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து பெற்றோர் பலர் கூடிப் பேசி வருகிறோம். முறையாகப் பதிவு செய்த தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கி, இரவு ரோந்து, சந்தேகத்துக்குரியவர்களின் படங்களைப் பகிரும் வாட்ஸ்அப் குழு, எந்நேரமும் அழைக்கக்கூடிய உதவி எண், பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு ஆகிய நான்கையும் நடத்துவது எங்கள் திட்டம். நன்கொடை தரவும் சிலர் முன்வந்திருக்கிறார்கள். இவற்றில் எதை முதலில் தொடங்குவது?

ஜனவரி 11, இரவு

நான்கில் முதல் மூன்றைக் கைவிடுங்கள். வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு முன் பெரியவர்களுக்கு நடத்துங்கள். இத்தகைய அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜனவரி 12

கடத்தல் என்றவுடன் எல்லோர் மனத்திலும் எழும் காட்சி ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஒருவர், தெருமுனையில் நிற்கும் வண்டி, தனியாக வரும் பிள்ளை. இக்காட்சிக்குப் பொருந்தும் நிகழ்வுகள் உண்மையிலேயே உண்டு; ஆனால் மொத்தத்தில் அவை மிகச் சிறிய பகுதி. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு நிலவரத்தை மதிப்பிட்ட தேசிய ஆய்வு, குடும்பத்தினராலேயே கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 2,03,900 பேர் என்றும், குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 58,200 பேர் என்றும் கணக்கிட்டது. அந்த 58,200 பேரில், அந்நியரோ அரைகுறை அறிமுகம் உள்ளவரோ தூக்கிச் சென்று இரவு முழுதும் அடைத்துவைப்பது, தொலைதூரம் கொண்டுபோவது, பணம் கேட்பது, கொல்வது என்று நாம் அஞ்சும் வகைக்கு ஆளானவர்கள் சுமார் 115 பேர்.

துன்புறுத்தலிலும் நிலைமை இதுவே. அத்துமீறுகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், வீட்டுக்கு வந்துபோகிறவர், பெற்றோரின் நம்பிக்கையை முதலில் சம்பாதித்துக்கொண்டவர். உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100 கோடிப் பேர் வரை ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்முறையையோ புறக்கணிப்பையோ சந்திக்கிறார்கள். தெருவில் திரியும் அந்நியர்களால் இத்தனை பேரைத் தேடிப்பிடித்துத் துன்புறுத்த இயலாது. எங்கள் அமைப்பும் கடத்தல் அச்சத்தில் பிறந்ததுதான். ஆனால் எங்களிடம் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் உறவினர், அண்டை வீட்டார், பயிற்சியாளர், பெற்றோரின் நண்பர் என்று தெரிந்த முகங்களைப் பற்றியவை. அந்நியருக்காகத் தயாராக இருந்த தன்னார்வலர்கள் சிலர், இதைக் கேட்டதும் ஆர்வம் இழந்து விலகிப்போனார்கள்.

ஜனவரி 12, மாலை

"அப்படியானால் கடத்தலை மறந்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். மறக்க முடியாது. அரிது என்று நான் எழுதியதை அலட்சியம் செய்யலாம் என்று படிக்க வேண்டாம். வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடத்திக் கொல்லப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் முதல் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே உயிரிழந்திருந்தார்கள். ஆகவே பெற்றோரிடம் முதலில் கொண்டுசேர்க்க வேண்டிய செய்தி நேரத்தைப் பற்றியது. எல்லா இடங்களிலும் தேடி முடித்த பிறகு காவல் நிலையம் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. புகார் கொடுக்க 24 மணி நேரம் ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள்; பல நாடுகளில் அப்படியொரு விதியே இல்லை. அண்மையில் எடுத்த முகப் படம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். பிள்ளையின் அறையையும் கைபேசியையும் யாரும் கலைக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். ரோந்துக்கு வாங்க நினைத்த விசில்களையும் டார்ச் விளக்குகளையும்விட அந்தத் தாள் அதிகம் பயன்படும்.

ஜனவரி 14

படம் பகிரும் குழுவைப் பற்றி. இதில் நான் சற்றும் இறங்கி வர மாட்டேன்.

2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே பரவி, அப்பாவிகள் பலரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. மகாராஷ்டிரத்தின் ரயின்பாடா கிராமத்தில் ஜூலை 1 அன்று மட்டும் ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது பரவிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விரைகிறார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு கணம் போதும் என்ற எச்சரிக்கையை எழுதிக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காக்க நினைத்தவர்கள் எடுத்த படம், எல்லைக்கு இந்தப் பக்கம் மனிதர்களைக் கொல்வதற்கான சான்றாகக் காட்டப்பட்டது. அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது.

நீங்கள் தொடங்க நினைக்கும் குழுவில் நாளை ஒருவர் படம் வரும். அவர் வழி கேட்டவராகவோ, மனநலம் குன்றியவராகவோ, வெளியூரிலிருந்து வேலை தேடி வந்தவராகவோ இருக்கலாம். குழுவின் நிர்வாகி அதை நீக்குவதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போயிருக்கும். காவல்துறை வெளியிட்ட அறிவிப்பைத் தவிர வேறெதையும் பகிர்வதில்லை, பிள்ளை கிடைத்தவுடன் அதையும் நீக்கிவிடுவது என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14, சற்று நேரம் கழித்து

ரோந்துக்கும் இதே பதில்தான். இருட்டில், தடியோடு, அதிகாரம் கிடைத்துவிட்டதாக நம்பும் ஆண்கள் குழு ஒன்றைக் கண்டு முதலில் பயப்படப்போவது தாமதமாக வீடு திரும்பும் பிள்ளைகள்தாம்.

ஜனவரி 17

நம்மைப் போல அச்சத்திலும் துயரத்திலும் தொடங்கியவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

1979 மே 25 அன்று நியூயார்க்கில் ஏட்டன் பாட்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன், முதல்முறையாகத் தனியே பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது காணாமல் போனான். தந்தை தொழில்முறைப் புகைப்படக் கலைஞர். அவர் எடுத்த படங்களால் அந்த முகம் நாடு முழுவதும் அறியப்பட்டது. அந்தத் தேதியே பின்னர் காணாமல் போன பிள்ளைகளுக்கான நாளாயிற்று. 1981இல் ஃபுளோரிடாவில் ஆடம் வால்ஷ் கடத்திக் கொல்லப்பட்டபோது, திருட்டுப்போன கார், துப்பாக்கி, குதிரை ஆகியவற்றின் விவரங்களை எஃப்பிஐ கணினியில் ஏற்ற வழி இருந்தது, காணாமல் போன பிள்ளைக்கு அந்த வழி இல்லை என்பதைப் பெற்றோர் கண்டார்கள். அவர்கள் தெருவில் காவல் நிற்கவில்லை; சட்டமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். 1982இல் அதற்கான சட்டமும், 1984இல் காணாமல் போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய மையமும் வந்தன. 1996இல் டெக்சாஸில் ஆம்பர் ஹேகர்மன் கொல்லப்பட்ட பிறகு, புயல் எச்சரிக்கையை உடனே ஒலிபரப்பும் வானொலி கடத்தலுக்கும் ஏன் அதைச் செய்யக் கூடாது என்று பொதுமக்களில் ஒருவர் கேட்டதிலிருந்து பிறந்தது ஆம்பர் எச்சரிக்கை முறை.

பெல்ஜியம் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சிறுமியரைக் கடத்திக் கொன்ற மார்க் டுட்ரூ 1996 ஆகஸ்டில் கைதான பிறகு, அந்நாட்டின் வெவ்வேறு காவல் பிரிவுகள் தங்களிடம் இருந்த தகவல்களை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளவில்லை என்பது வெளிப்பட்டது. அக்டோபர் 20 அன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பிரஸ்ஸல்ஸில் வெள்ளை நிறம் ஏந்தி நடந்தார்கள். காவல் அமைப்பு மாற்றியமைக்கப்பட்டது. 1998இல் காணாமல் போன பிள்ளைகளுக்காக சைல்ட் ஃபோகஸ் என்ற அமைப்பு உருவாயிற்று.

இவர்கள் எல்லோரும் செய்தது ஒரே வகை வேலை: ஒரு மேசையில் இருக்கும் தகவல் அடுத்த மேசைக்கு ஏன் போகவில்லை என்று விடாமல் கேட்பது. உங்கள் அளவில் அதைச் செய்ய நாடாளுமன்றம் தேவையில்லை. பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றி எத்தனை மணிக்குப் பெற்றோருக்குத் தெரிகிறது, பிள்ளையை அழைத்துச்செல்ல வேறொருவர் வந்தால் பள்ளி யாரைக் கேட்கிறது, மருத்துவர் ஒரு காயத்தைக் கண்டு ஐயுற்றால் யாருக்குச் சொல்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். பதில்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளே உங்கள் வேலைத் திட்டம்.

சற்று விலகி ஒன்று. நியூயார்க்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1866இலேயே இருந்தது. வளர்ப்பு வீட்டில் கொடுமைப்படுத்தப்பட்ட மேரி எலன் என்ற சிறுமியை 1874இல் மீட்க உதவியவர் அச்சங்கத்தின் நிறுவனர் ஹென்றி பெர்க். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. ஆக, எஃப்பிஐ கணினியிலும் சங்கம் அமைப்பதிலும் குதிரைகள் இரண்டு முறை பிள்ளைகளை முந்தியிருக்கின்றன.

ஜனவரி 20

இனி, நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. பிள்ளைகளை அணுக விரும்பும் தவறான மனிதருக்கு, பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட தொண்டு அமைப்பைவிட வசதியான வாசல் இல்லை. அங்கே பெற்றோரே பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். அடையாள அட்டை கிடைக்கிறது. மேடையில் பாராட்டும் கிடைக்கிறது. ஆகவே உங்கள் அமைப்பு முதலில் சந்தேகிக்க வேண்டியது தன்னைத்தான்.

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்கச் சாரணர் அமைப்பான பாய் ஸ்கவுட்ஸ் 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அந்த வழக்கில் 82,000க்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டதாகக் கோரிக்கை தாக்கல் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகள், விளையாட்டுக் கழகங்கள் என்று நிறுவனங்களுக்குள் நடந்தவற்றை விசாரித்து, பாதிக்கப்பட்டவர்களில் 8,000 பேருக்கு மேல் தனித்தனியே அமர்ந்து கேட்டது. அவர்கள் நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காவல்துறைச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும் என்பீர்கள். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் இரண்டு சிறுமியரைக் கொன்ற இயன் ஹன்ட்லி, ஒரு பள்ளியின் பராமரிப்புப் பணியாளர். வேறொரு பகுதியில் அவர்மீது முன்பே பல குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தும், அவை முறையாகப் பதிவில் வைக்கப்படாததாலும் பகிரப்படாததாலும், வேலைக்கு எடுத்தபோது செய்த சரிபார்ப்பில் எதுவும் வெளிவரவில்லை. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை இதை விரிவாக ஆராய்ந்தது. இரண்டு ஆண்டுகளில் புதிய சட்டம் வந்தது. சான்றிதழ் அவசியம்தான், ஆனால் யாரும் பதியாத குற்றத்தைச் சான்றிதழ் சொல்லாது.

எனவே ஆளைப் பொறுத்ததாக இல்லாமல் இடத்தையும் முறையையும் பொறுத்ததாகப் பாதுகாப்பை அமையுங்கள். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு பிறர் பார்வைக்கு மறைவாகத் தனித்திருக்கக் கூடாது. தனிப்பட்ட கைபேசியில் பிள்ளைக்குச் செய்தி அனுப்பக் கூடாது; தன் வண்டியில் தனியாக ஏற்றிச்செல்லக் கூடாது; பரிசு தரக் கூடாது. பழைய வேலை இடத்துக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்து, "இவரை மீண்டும் பிள்ளைகளோடு வேலை செய்ய விடுவீர்களா?" என்று கேளுங்கள். மறுமுனையில் நீளும் மௌனம் பல சமயம் சான்றிதழைவிட அதிகம் சொல்லியிருக்கிறது.

எங்கள் குழுவில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த தன்னார்வலர் ஒருவர் இருந்தார். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தபோது, தன்னை அவமதித்ததாகக் கருதி அவர் விலகினார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இருந்ததில்லை, இன்றுவரை இல்லை. குழுவில் பாதிப் பேர், நல்ல மனிதரை இழந்துவிட்டோம் என்று நெடுநாள் என்னோடு பேசவில்லை. அந்த இழப்பு எனக்கும் வருத்தம்தான். ஆயினும் அவருக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தால், அடுத்து விலக்குக் கேட்பவரிடம் என்ன காரணம் சொல்லி மறுத்திருப்போம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 20, இரவு

சின்னத்தின் வடிவம் குறித்து எங்கள் நிர்வாகக் குழு நடத்திய கூட்டங்கள் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை குறித்து நடத்திய கூட்டங்களைவிட அதிகம். இரு கைகளுக்கு நடுவே பிள்ளையா, குடைக்குக் கீழே பிள்ளையா என்று இரண்டு கட்சிகள் உருவாயின. குடை வென்றது. கைகளுக்கு வாக்களித்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

ஜனவரி 23

பாதிக்கப்பட்ட பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தேன். "நன்றாக விசாரித்து, உண்மை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு காவல்துறையிடம் போவோம்" என்று பதில் வந்திருக்கிறது. இதைத்தான் செய்யவே கூடாது.

பள்ளியில் பிள்ளைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக எழுந்த கலிஃபோர்னியாவின் மெக்மார்டின் மழலையர் பள்ளி வழக்கு 1983இல் தொடங்கியது. நல்லெண்ணம் கொண்டவர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம், பதிலைத் தங்கள் கேள்வியிலேயே வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. உண்மையில் எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதைப் பிரித்தறியும் வாய்ப்பையே அந்தக் கேள்விகள் அழித்துவிட்டன. பிள்ளையை ஒவ்வொரு அலுவலகமாக அலையவிட்டு ஒரே கதையைப் பலமுறை சொல்லவைக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் ஓர் அரசு வழக்கறிஞரின் முயற்சியால் பிள்ளைகளுக்கான தனி மையம் தொடங்கியது. காவல்துறை, மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோர் பிள்ளை இருக்கும் இடத்துக்கே வருவதும், பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பேசுவதும் அதன் முறை. ஐஸ்லாந்து 1998இல் பார்னாஹூஸ் என்ற பெயரில் அதையே தன் போக்கில் அமைத்தது; ஐரோப்பிய நாடுகள் பல அதைப் பின்பற்றின.

உங்கள் வேலை கேட்பது, விசாரிப்பது அன்று. "என்னிடம் சொன்னது நல்லது, இது உன் தவறு இல்லை, உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை, உங்கள் திருத்தம் இல்லாமல், அன்றே எழுதிவைத்துவிட்டு, சட்டம் சுட்டும் அதிகாரிக்கு உடனே தெரிவியுங்கள். பல நாடுகளில் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துப் பேசுவது, இரு குடும்பத்தையும் உட்காரவைத்துச் சமாதானம் செய்வது ஆகிய இரண்டையும் அமைப்பின் விதிமுறையிலேயே தடைசெய்யுங்கள். மானம் போய்விடும் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் எழும். அதற்கு இடம் கொடுத்த அமைப்பு அன்றிலிருந்து குற்றவாளிக்கு வேலை செய்யத் தொடங்குகிறது.

ஜனவரி 24

ஆசிரியர் ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார்: ஒன்றுமே கேட்காமல் இருந்தால், தன்னை நம்பவில்லை என்று பிள்ளை எண்ணிவிடும். ஆகவே நேற்று எழுதியதைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். "என்ன நடந்தது, சொல்" என்று திறந்த வாசலாக ஒரு கேள்வி கேட்கலாம். இன்று இரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்பதை அறியத் தேவையான அளவும் கேட்கலாம். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்பது போன்று, பெயரையும் செயலையும் நீங்களே எடுத்துக் கொடுக்கும் கேள்வி மட்டும் வேண்டாம்.

ஜனவரி 28

வகுப்புகள். பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பள்ளிகளில் நடத்தப்படும் வகுப்புகளைப் பற்றி, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பு, அவை பிள்ளைகளின் அறிவைக் கூட்டுகின்றன, பிள்ளைகள் வெளியே சொல்வதையும் கூட்டக்கூடும், ஆனால் துன்புறுத்தலையே குறைக்கின்றன என்று காட்டப் போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னது. எனக்கு இதில் வியப்பு இல்லை. ஏழு வயதுப் பிள்ளை, தன்னைவிட மூன்று மடங்கு எடையுள்ள, தான் நேசிக்கும் ஒருவரை எதிர்த்து ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரியவர்களின் பொறுப்பைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும். ஓட முடியாத பிள்ளை, வகுப்பில் சொன்னதைச் செய்யாமல் போனேனே என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்.

அதற்காக வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. வலித்தால்தான் தவறு என்று கற்பிக்காதீர்கள்; அத்துமீறல் பல சமயம் விளையாட்டாகவும் கொஞ்சலாகவும் தொடங்கும். யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் சொன்னால் அதையே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்த பிறகு எல்லோரும் போகும்வரை பையை அடுக்குவது போல் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்காக, பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி நின்ற பிள்ளைகள் உண்டு. அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன்.

பெரியவர்கள் வகுப்பில் பெற்றோர் வண்டியைப் பற்றியும் அந்நியரைப் பற்றியும்தான் கேட்பார்கள். கைபேசியைப் பற்றிக் கேட்பது அரிது. நான் மேலே குறிப்பிட்ட அமெரிக்கத் தேசிய மையம், இணையவழிச் சிறார் சுரண்டல் குறித்து 2023இல் மட்டும் 3.6 கோடிக்கும் மேற்பட்ட அறிவிப்புகளைப் பெற்றது. இதற்கு வண்டியும் வேண்டாம், தெருமுனையும் வேண்டாம். ஒரு படத்தைக் காட்டி மிரட்டப்படும் பிள்ளைக்கு, அப்பாவிடம் சொன்னால் முதலில் கைபேசிதான் பறிபோகும் என்பது தெரியும். அதனாலேயே அது சொல்லாமல் இருக்கும்.

பிப்ரவரி 2

அழுதுகொண்டு ஒரு பிள்ளையின் படத்தோடு வந்து, "கடத்திவிட்டார்கள், உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு தந்தை கேட்டால் என்ன செய்வீர்கள்? எங்களிடம் அப்படி ஒருவர் வந்தார். முதலில் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் எண்ணைக் கேட்டோம். புகார் இல்லை. பிள்ளை தாயோடு இருந்தது. தாய் அவருடைய அடிக்குத் தப்பிப் போயிருந்தார். நாங்கள் படத்தைப் பரப்பியிருந்தால், அவர் தேடிய முகவரியை ஊரே கூடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும்.

மறுபுறம், பெற்றோரில் ஒருவர் பிள்ளையை ஒளித்துவைப்பது உண்மையான கடத்தலாகவும் இருக்கலாம். அதில் பிள்ளை படும் துன்பமும் சிறிதன்று. நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வழக்கமாக வசித்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்கிறது. ஆனால் இரு நாடுகளும் அதில் இணைந்திருக்க வேண்டும். எவர் சொல்வது உண்மை என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. புகார் எண் இல்லாமல் படம் இல்லை என்ற ஒரே விதி எங்களைப் பல சிக்கல்களிலிருந்து காத்தது.

பிப்ரவரி 3

நன்கொடையாளர் மீட்கப்பட்ட பிள்ளைகளின் படம் கேட்பார். முகத்தை மங்கலாக்கித் தரலாமே என்றும் சொல்வார். தராதீர்கள். காணாமல் போன பிள்ளையின் முகம் வெளியே தெரிய வேண்டும். கிடைத்த பிள்ளையின் முகம் மறைய வேண்டும். இந்தியாவில் போக்சோ சட்டம் உட்படப் பல நாட்டுச் சட்டங்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கின்றன. பள்ளியின் பெயரும் தெருவின் பெயரும்கூட அடையாளம்தான். படம் இல்லாததால் எங்களுக்குப் பெரிய நன்கொடை ஒன்று கிடைக்காமல் போனது. கணக்கரும் பொருளாளரும் அதைச் சொல்லிக் காட்டாத ஆண்டுக் கூட்டம் இல்லை.

பிப்ரவரி 7

உதவி எண்ணைப் பற்றி மீண்டும் கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் சைல்ட்லைன் 1986 அக்டோபரில் தொடங்கிய முதல் இரவிலேயே அவர்களால் எடுத்து முடிக்க முடியாத அளவு அழைப்புகள் குவிந்தன. இந்தியாவில் 1098, ஐரோப்பாவில் காணாமல் போன பிள்ளைகளுக்கு 116 000 என்று பல இடங்களில் ஏற்கெனவே எண்கள் உள்ளன. இரவு இரண்டு மணிக்கு எடுக்க ஆள் இல்லாத எண்ணை அச்சிட்டுக் கொடுப்பது, எண்ணே இல்லாததைவிடத் தீங்கானது. துணிந்து ஒருமுறை அழைத்துப் பதில் கிடைக்காத பிள்ளை மறுமுறை அழைக்காது. இருக்கும் எண்ணை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும்படி செய்யுங்கள். அந்த எண் சரியாக வேலை செய்கிறதா என்று கண்காணித்து, செய்யாதபோது உரியவர்களிடம் முறையிடுங்கள். இது பெயர் கிடைக்காத வேலை என்பதை மறைக்கவில்லை.

பிப்ரவரி 9

பதிவு, கணக்கு ஆகியவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த கணக்கரும் வழக்கறிஞரும் சொல்லிவிடுவார்கள். இரண்டை மட்டும் சேர்க்கிறேன். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தினராகவோ நண்பர்களாகவோ இருந்தால், அவர்களில் ஒருவர்மீது புகார் வரும் நாளில் விசாரிக்க ஆள் இருக்காது. ஆகவே புகாரைப் பெறும் பொறுப்பு அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். மற்றொன்று, இந்த வேலையில் கேட்பவை மனத்தைவிட்டுப் போகாது. தன்னார்வலர்கள் ஆற்றுப்படுத்துநரிடம் போவதற்கான தொகையை முதல் ஆண்டு வரவுசெலவிலேயே ஒதுக்குங்கள். நானே அதைப் பயன்படுத்தியவன்.

பிப்ரவரி 15

கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: ரோந்தும் படக் குழுவும் நீங்கிவிட்டன, உதவி எண்ணைப் பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, இவ்வாரம் பதிவு ஆவணங்களில் கையெழுத்திடப் போகிறார்கள், வேறு ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

பதிவேடுகள் விடுபட்டிருக்கின்றன. சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகின்றன என்று மேலே எழுதியிருந்தேன். அதைச் சொன்ன ஆஸ்திரேலிய அரச ஆணையமே, சிறார் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான பதிவுகளைக் குறைந்தது 45 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறிய தொண்டு அமைப்புகளில் பெரும்பாலானவை அவ்வளவு காலம் இருக்காது. உங்களுடையதும் இல்லாமல் போகலாம். யார் எந்த நாளில் எந்தப் பிள்ளைகளோடு இருந்தார், எந்தப் புகார் எப்போது வந்தது, யாரிடம் அனுப்பினீர்கள் என்பவற்றை இன்று எட்டு வயதுள்ள ஒருவர் தன் நாற்பதாவது வயதில் வந்து கேட்கக்கூடும். அமைப்பு கலைந்தால் அந்தக் கோப்புகள் எந்த நிறுவனத்திடம், யார் பூட்டிய அறையில், எந்த நிபந்தனையோடு இருக்கும் என்பதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே ஒரு பிரிவாக எழுதச் சொல்லி, அந்நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலையும் வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்திடுங்கள். சின்னத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.